ஆறு தங்கம்: ஆளுக்கா, பாதைக்கா?

காலிமுகக் காற்று:
ஜேர்மனியின் நத்தாலி கைசன்பேர்கர் லூஜ் சறுக்கலில், அதாவது சிறு வண்டியில் மல்லாக்கப் படுத்துப் பனிப்பாதையில் இறங்கும் போட்டியில், ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2014, 2018, 2022, ஒவ்வொரு முறையும் இரண்டு. சரி, கெட்டிக்காரிதான். ஆனால் அவரை உலகின் மிகப் பெரிய வீராங்கனைகளோடு வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அவருடைய நாட்டில் செயற்கைப் பனிப்பாதை மட்டும் நான்கு. நமக்கு நுவரெலியாவில் புல்லில் உறைபனி பிடித்தாலே அது செய்தி. மல்லாக்கப் படுத்துச் சறுக்குவதற்கு இவ்வளவு புகழா?

வெள்ளவத்தையான்:
அண்ணை, சும்மா படுத்திருப்பதில்லை. கெண்டைக்காலால் வண்டியை அமுக்கி, தோளால் அழுத்தித்தான் திருப்ப வேண்டும். வேகம் மணிக்கு 130 கிலோமீற்றரைத் தொடும், பிறேக்கும் கிடையாது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் நின்றாலே நமக்கு நெஞ்சு அடிக்கிறது! 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் முந்தியவர் அதே ஜேர்மனியின் யூலியா டவுபிட்ஸ். இரண்டாம் சுற்றில் கவிழ்ந்தார். அதே நாடு, அதே காசு, அதே பாதைகள். பிறகு தங்கம் ஏன் கைசன்பேர்கருக்கு மட்டும்?

காலிமுகக் காற்று:
தம்பி, இந்தியாவின் லூஜ் வீரர், மணாலிக்காரர் சிவ கேசவனைப் பாருங்கள். வண்டிக்குச் சக்கரம் பூட்டி மலைவீதியில் பழகியவர். 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக் போனார். அவருடைய சிறந்த இடம் 25. அந்த மனுசனுக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரு பனிப்பாதை கிடைத்திருந்தால்? நம்முடைய ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஓடுவதற்கு நிலம் போதும். லூஜுக்கு முதலில் பணக்கார நாட்டில் பிறக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2020 மே மாதம் கைசன்பேர்கருக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டு வருடம் ஆகுமுன் பெய்ஜிங்கில் இரண்டு தங்கம். இதற்கும் பாதைதான் காரணமா? பிள்ளை பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உடம்பு திரும்ப எவ்வளவு காலம் எடுக்கும் என்று.

காலிமுகக் காற்று:
அக்கா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதை விட மாட்டேன்.

வெள்ளவத்தையான்:
இதையும் கேளுங்கள். 1969இல் கட்டிய, உலகின் முதல் செயற்கைப் பனிப்பாதை ஜேர்மனியின் கோனிக்சே. அவர் பழகிய இடம். 2021 ஜூலையில் வெள்ளம் அதை உடைத்துப் போட்டது. ஏழு மாதத்தில் அவர் பெய்ஜிங்கில் வென்றார்.

காலிமுகக் காற்று:
மிச்சம் மூன்று பாதை இருந்ததே, தம்பி!