30 சதவீதத்துக்கு மேல் எந்தப் பவர் வைத்தாலும் ஒரே கருமை: லேசர் என்கிரேவர் உதவி தேவை

கருகிய_பலகை:
வணக்கம். ஆர்டுயினோ யூனோ என்ற கட்டுப்பாட்டு போர்டும் அதன்மேல் செருகும் சிஎன்சி ஷீல்டும் வைத்து, மரத்தில் லேசரால் செதுக்க நானே கட்டிய சிறிய லேசர் என்கிரேவர் இது. போர்டில் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் ஜிஆர்பிஎல் 1.1, கணினியில் படத்தைக் கட்டளைகளாக மாற்றி அனுப்பும் லைட்பர்ன். லேசர், ஒளியாக 5 வாட் தரும் 450 நானோமீட்டர் நீல டையோடு. வேகம் நிமிடத்துக்கு 3000 மி.மீ.

பவர் என் சொல்பேச்சுக் கேட்பதே இல்லை. 3 மி.மீ. பிளைவுட்டில் 10 முதல் 100 சதவீதம் வரை பத்துப் பத்தாக ஏற்றிக் கட்டங்கள் எரித்துப் பார்த்தேன். 10இல் பழுப்பு, 20இல் நல்ல கருப்பு. 30க்கு மேல் உள்ள கட்டங்களைக் கலைத்துப் போட்டால் எது எதுவென்று என்னாலேயே சொல்ல முடியாது. புகைப்படம் செதுக்கினால் இன்னும் மோசம்: தலை சீராக ஓடாமல் விக்கி விக்கி நகர்கிறது, நின்ற இடமெல்லாம் கரும்புள்ளி. ஒரு சதுரம் வரைந்தால் நான்கு மூலையும் தீய்ந்துவிடுகிறது.

வாங்கிய கடையில் கேட்டால் "பவர் சப்ளை போதாது, பெரியதாக வாங்குங்கள்" என்கிறார்கள். லேசருக்கு மின்னோட்டம் தரும் டிரைவரை மாற்றவேண்டுமா?

சால்டர்_புகை:
ஒயரைச் சரிபாருங்கள். அந்த ஷீல்டில் அச்சிட்டிருக்கும் பெயர்கள் பழைய ஜிஆர்பிஎல்லுக்கானவை. 1.1இல் பிடபிள்யூஎம், அதாவது லேசரை வேகமாக எரித்து அணைத்துப் பவரைக் கட்டுப்படுத்தும் சிக்னல், 11ஆம் பின்னில் வருகிறது. ஷீல்டில் அந்த இடத்தில் இசட் லிமிட் என்று எழுதியிருக்கும். ஸ்பிண்டில் என்று எழுதிய இடத்தில் செருகியிருந்தால் பவர் மாறவே மாறாது.

மரத்தூள்:
அண்ணன் சொல்வது அந்த ஷீல்டுக்குச் சரிதான். ஆனால் ஒயர் மாறியிருந்தால் 10க்கும் 20க்கும் வேறுபாடே வந்திருக்காது. பவர் சப்ளை கதையை விடுங்கள். சப்ளை போதாவிட்டால் கட்டங்கள் வெளுக்கும், இவருக்கோ கருகுகிறது.

இது கணக்குக் கோளாறு என்று தோன்றுகிறது. லைட்பர்ன் சதவீதத்தை அப்படியே அனுப்புவதில்லை. பவரைக் குறிக்கும் எஸ் என்ற எண்ணுக்குத் தன்னிடமுள்ள உச்ச மதிப்பால் பெருக்கி அனுப்பும். அந்த உச்சம் 1000 என்றால் 20 சதவீதத்துக்கு எஸ்200 போகும். போர்டு அதைத் தன்னுடைய $30 என்ற அமைப்பில் முழுப் பவர் என்று வைத்துள்ள எண்ணோடு ஒப்பிடும். அங்கே 255 இருந்தால் 200 என்பது 78 சதவீதம்! 30 சதவீதத்துக்கு எஸ்300 வரும். அது 255ஐத் தாண்டிவிட்டதால் முழுப் பவர். அதற்கு மேல் எதை வைத்தாலும் முழுப் பவர்தான்.

லைட்பர்ன் கன்சோலில் $$ என்று தட்டி $30, $32 இரண்டும் என்ன என்று எழுதுங்கள்.

கருகிய_பலகை:
$30=255, $32=0. லைட்பர்னில் எஸ் உச்சம் 1000. அப்படியென்றால் பழுப்பு வந்த அந்த 10 சதவீதம்?

மரத்தூள்:
39 சதவீதம். அதனால் இதுவரை எழுதிவைத்த பவர் அளவுகளை எல்லாம் கிழித்துப் போடுங்கள். $30=1000 என்று கொடுங்கள். லைட்பர்ன் பக்கம் 255 என்று குறைத்தாலும் கணக்கு ஒத்துப்போகும், ஆனால் வேறு மென்பொருளுக்குப் போகும்போது மறுபடி இதே தலைவலி வரும். யூனோவின் பிடபிள்யூஎம் எப்படியும் 8 பிட், ஆகவே 1000 வைத்தாலும் உண்மையில் கிடைப்பது 255 படிகள்தான். அரை சதவீத வேறுபாட்டுக்கெல்லாம் மல்லுக்கட்டாதீர்கள்.

$32 வேறு கதை, லேசர் முறையை இயக்கும் அமைப்பு அது. உங்கள் விக்கலுக்கும் மூலைக்கருக்கலுக்கும் அதுதான் காரணம். 0 என்றால் போர்டு இதை மரம் கடையும் ஸ்பிண்டில் என்றே நினைக்கிறது. எஸ் மதிப்பு மாறும்போதெல்லாம் மோட்டார் வேகம் மாறட்டும் என்று தலையை நிறுத்திவிடும். புகைப்படத்தில் புள்ளிக்குப் புள்ளி எஸ் மாறுகிறதல்லவா, அதனால்தான் விக்குகிறது. $32=1 கொடுத்தால் நிற்காமல் ஓடும்.

கூடவே லைட்பர்னில் டிவைஸ் வகை வெறும் ஜிஆர்பிஎல் ஆக இருக்கட்டும், பெயரில் எம்3 என்று ஒட்டு உள்ளதாக வேண்டாம். அப்போதுதான் லேசரை எரிக்கும் கட்டளையாக எம்3க்குப் பதில் எம்4 போகும். எம்3 என்றால் தலை மூலையில் வேகம் குறைத்தாலும் அதே பவரில் சுடும். எம்4இல் வேகம் பாதியானால் பவரும் பாதியாகும். லேயரில் கான்ஸ்டன்ட் பவர் தேர்வாகி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கருகிய_பலகை:
விக்கல் நின்றது, மூலைகள் சுத்தம். கட்டங்களில் பத்துக்கும் பத்து நிறம் தெரிகிறது! ஆனால் இரண்டு புதிய சந்தேகங்கள். 5 சதவீதத்தில் கோடே விழவில்லை. போகஸ் பார்க்க எம்4 எஸ்20 கொடுத்தால் லேசர் எரியவே இல்லை, முன்பு எரிந்தது.

சால்டர்_புகை:
இரண்டும் கோளாறு அல்ல. லேசர் எரிந்தாலும் மரம் நிறம் மாறும் அளவுக்குச் சூடு வேண்டும். உங்கள் பலகையில் எந்த இடத்தில் கோடு தொடங்குகிறது என்று 1 சதவீதமாக ஏற்றிப் பார்த்து, புகைப்படத்துக்குக் குறைந்தபட்ச பவராக அதையே வையுங்கள். இல்லாவிட்டால் வெளிர்நிறங்கள் எல்லாம் வெறும் மரமாக நின்றுவிடும்.

எம்4இல் தலை அசையாமல் இருந்தால் பவர் பூஜ்யம். போகஸுக்கு முதலில் ஜி1 எஃப்1000 (எரித்தபடி நகரும் முறை, வேகம் 1000), பிறகு எம்3 எஸ்20 கொடுங்கள். லேசர் முறையில் ஜி0 (எரிக்காமல் நகரும்) நிலையில் இருக்கும்வரை எம்3க்கும் எரியாது. பார்த்து முடித்ததும் அணைக்க எம்5. கண்ணாடி இல்லாமல் அந்தப் புள்ளியைக் குனிந்து பார்க்காதீர்கள், 2 சதவீதம்தானே என்று நினைக்கவும் வேண்டாம். 450 நானோமீட்டருக்கு என்று அளவு குறித்த கண்ணாடியாக இருக்கட்டும்.

நீலக்கோடு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு $30, $32 எல்லாம் சரி. ஆனால் 6000 வேகத்தில் சிறிய எழுத்துகள் மட்டும் மங்கலாக வருகின்றன. நீளக் கோடுகள் நன்றாக விழுகின்றன, ஆனால் உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கின்றன.

மரத்தூள்:
சிறிய எழுத்தில் தலை 6000ஐ எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. 3000தான் எட்டியது என்றால் எம்4 பாதிப் பவர்தான் தரும். எழுத்து லேயருக்கு மட்டும் வேகத்தை 1500க்கு இறக்கி, பவரையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

புள்ளிகளுக்குக் காரணம் பிடபிள்யூஎம். யூனோவில் அது நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை எரிந்து அணைகிறது. 6000 என்றால் நொடிக்கு 100 மி.மீ.; ஒரு துடிப்புக்கு 0.1 மி.மீ. நகர்கிறது. லேசர் புள்ளியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும், அதனால் இடைவெளி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பவரைக் கூட்டி அதே வேகத்தில் ஓட்டினால் அணைந்திருக்கும் நேரம் குறைந்து கோடு ஒட்டிக்கொள்ளும். வெளிர்நிறமே வேண்டும் என்றால் வேகத்தைப் பாதியாக்குவதுதான் வழி.

நீலக்கோடு:
எழுத்து லேயரை 1500க்கு இறக்கினேன், படிக்க முடிகிறது. நீளக் கோடுகளை 3000இல் ஓட்டிப் பார்க்கிறேன்.