சிவப்புக் கோடு இல்லையென்றால் பிழை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தாள்வரிசை

வணக்கம். 240 பக்கத்தில் ஓர் ஊர் வரலாற்று நூல் அச்சுக்குத் தயாராகிறது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எழுத்துப்பிழை காட்டும் தமிழ் ஹன்ஸ்பெல் அகராதி போட்டிருக்கிறேன். பாதிக் கட்டுரைகள் நேரடியாக யூனிகோடில் அடித்தவை, மீதி யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளிலிருந்து மாற்றியவை. மூன்று இடங்களில் சிக்கல்:

1. 'சேர்ந்த', 'அவர்கள்', 'மௌனம்' போன்ற சாதாரணச் சொற்களுக்குக் கீழே சில பக்கங்களில் சிவப்புக் கோடு வருகிறது. வேறு பக்கங்களில் அதே சொற்களுக்கு வரவில்லை.

2. கோடுகளையெல்லாம் தீர்த்த ஒரு கட்டுரையில், மெய்ப்புப் பார்த்தவர் பக்கத்துக்கு ஏழெட்டுப் பிழை சுழித்திருக்கிறார். 'முன்னால் ஊராட்சித் தலைவர்', 'கோயிலை கட்டினார்', 'கல்வெட்டுகள் கிடைத்தது'. இதில் ஒன்றைக்கூட மென்பொருள் காட்டவில்லை.

3. ஒரு கட்டுரையில் கோடே வரவில்லை. அது அவ்வளவு சுத்தமான கட்டுரை இல்லை.

அமைப்பில் தவறா, கருவியின் எல்லையே இதுதானா?

பதில்: துணைக்கால்

மூன்றாவது எளிது. அந்தக் கட்டுரை சோதிக்கப்படவே இல்லை. ஒட்டிய உரை, தான் வந்த இடத்தின் மொழி அமைப்பையும் கூடவே கொண்டுவரும். அது 'ஏதுமில்லை' என்றோ, அகராதி நிறுவாத வேறொரு மொழி என்றோ இருந்தால் ரைட்டர் பேசாமல் தாண்டிப் போய்விடும். முழு உரையையும் தெரிவு செய்து, எழுத்து வடிவமைப்புச் சாளரத்தில் சிக்கலான எழுத்துமுறைக்கான மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். மாற்றியபின் வேண்டுமென்றே 'தமிள்' என்று அடித்துப் பாருங்கள். கோடு வந்தால் சோதனை ஓடுகிறது.

முதல் சிக்கல் பாமினியிலிருந்து வருவது. தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் 'ர்' அடிக்க ரகரத்தைத் தொட மாட்டார்கள். துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. எழுத்துரு மாற்றும் மென்பொருள் இதைக் கவனிக்காவிட்டால் யூனிகோடிலும் கால் + புள்ளியாகவே வந்து உட்காரும். 'அவர்கள்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு 'அவா்கள்'. 'சேர்ந்த' இன்னும் மோசம்: சே-யின் இரட்டைக் கொம்பும் பக்கத்துக் காலும் ஒட்டிக்கொண்டு 'சோ' ஆகி, அதன்மேல் புள்ளி ஏறி 'சோ்ந்த' ஆகிவிடும். 'தெரியும்' இதே வழியில் 'தொியும்' ஆகும்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். கோடு விழுந்த சொல்லை அழித்துவிட்டு, அதே சொல்லைக் கையால் அடியுங்கள். கோடு போய்விட்டால் எழுத்துப்பிழை இல்லை, உள்ளே குறிகள்தான் வேறு. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறி (பதின்ம எண் 8204) சொல்லுக்கு நடுவே இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

பக்க வடிவமைப்புக்கு முன்பே, நோட்பேட்++ போன்ற வெற்று உரைத் திருத்தியில் இவற்றை மாற்றிவிடுங்கள்:

'ா்' என்பதை 'ர்' ஆக
'ோ்' என்பதை 'ேர்' ஆக, 'ொ்' என்பதை 'ெர்' ஆக
'ாி' என்பதை 'ரி' ஆக, 'ாீ' என்பதை 'ரீ' ஆக
'ோி' என்பதை 'ேரி' ஆக, 'ொி' என்பதை 'ெரி' ஆக

உயிர்க்குறிக்குப் பின்னால் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ தமிழில் வரவே முடியாது. ஆகவே இவற்றுக்கு 'அனைத்தையும் மாற்று' தயங்காமல் கொடுக்கலாம். 'மௌனம்' கதையும் இதே வகைதான். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருப்பார்கள். 'ெள' என்பதை 'ௌ' ஆக மாற்றினால் சரியாகிவிடும்.

பதில்: ஒற்றெழுத்து

கடைசி வரியை மட்டும் அப்படியே செய்துவிடாதீர்கள். 'ெள' என்ற வரிசை 'வெள்ளி', 'தெளிவு', 'நெளிவு' எல்லாவற்றிலும் முறையாகவே இருக்கிறது. மொத்தமாக மாற்றினால் 240 பக்கத்திலும் 'வெள்ளி' 'வௌ்ளி' ஆகிவிடும். சொல்லின் முன்பகுதியோடு சேர்த்துத் தேடுங்கள்: 'மெளன', 'கெளரவ', 'பெளர்ணமி', 'செளகரிய', 'பெளத்த'. ஊர் வரலாறு என்பதால் கடைசிச் சொல் நிறையவே இருக்கும். ஒகரமும் ளகரமுமாக அடித்த 'ஒளவை' என்பதையும் இதேபோல் தனியாகத் தேடி 'ஔவை' ஆக்குங்கள். 'ஒள'வை மொத்தமாக மாற்றினால் 'ஒளி' கெட்டுவிடும்.

இனி இரண்டாவது. அது கருவியின் எல்லைதான்.

ஹன்ஸ்பெல் ஹங்கேரிய மொழிக்காக உருவானது. சொற்பட்டியல் ஒரு கோப்பு, விகுதி விதிகள் இன்னொரு கோப்பு. சொல்லின் பின்னாலிருந்து இரண்டு அடுக்கு விகுதியை அதனால் உரிக்க முடியும். நமக்கு அது போதாது. 'மரங்களையும்' என்பதிலேயே கள், ஐ, உம் என்று மூன்று இருக்கின்றன. அதனால் அகராதி செய்பவர்கள் விகுதிகளைக் கொத்தாகச் சேர்த்து எழுதிவைக்கிறார்கள். எழுதாத கொத்து வந்தால் சரியான சொல்லுக்கும் கோடு விழும். 'வேலைக்', 'வேலைச்' என்று ஒற்றோடு முடியும் வடிவங்களையும் ஏற்கச் செய்தால், 'வேலைக் வந்தான்' என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அடுத்த சொல்லை அது பார்ப்பதே இல்லை.

'முன்னால்' ஒரு சொல், 'முன்னாள்' ஒரு சொல். இரண்டும் பட்டியலில் உண்டு, கோடு எப்படி விழும்? உங்கள் நூலில் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தே ஆகவேண்டும்: குளம்/குலம், ஏரி/ஏறி, கரை/கறை, கூரை/கூறை, இறங்கு/இரங்கு, பணி/பனி, பொறுத்து/பொருத்து. 'ஊருக்குத் தெற்கே குலம் வெட்டினார்' என்ற வரியில் எந்தச் சொல்லும் தனியாகப் பிழை இல்லை.

சந்தி இதைவிடக் கடினம். சந்திக்கென்றே நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' இருக்கிறது, அதில் ஓட்டிப் பாருங்கள். ஆனால் அது சொல்வதைப் படித்துப் பார்த்துத்தான் ஏற்கவேண்டும். 'வேலை கொடு' என்றால் பணி கொடு, 'வேலைக் கொடு' என்றால் வேலாயுதத்தைக் கொடு. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் செய்தது. எழுதியவர் எதை நினைத்தார் என்பது எழுத்தில் இல்லை.

கையால் தேடுவதில் அதிகப் பலன் தருவது நான்காம் வேற்றுமை. 'க்கு க', 'க்கு ச', 'க்கு த', 'க்கு ப' என்று நடுவே ஓர் இடம் விட்டு நான்கு முறை தேடுங்கள். சிக்குபவற்றில் பெரும்பாலானவை 'அவருக்கு கொடுத்தார்' வகைப் பிழைகளாக இருக்கும். கூடவே 'கொக்கு பறந்தது' போன்றவையும் மாட்டும். நன்னூல்படி 'கொக்குப் பறந்தது', இன்றைக்குப் பலர் ஒற்றில்லாமல் எழுதுகிறார்கள். நூல் முழுக்க எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் வேற்றுமைக்கு 'ை க' என்று தேடினால் 'வேலை கிடைத்தது' போன்ற சரியான தொடர்களும் வந்து குவியும். நேரமாகும், ஆனாலும் விடாதீர்கள். 'கோயிலை கட்டினார்' அங்கேதான் பிடிபடும்.

பதில்: எழுவாய்

'கல்வெட்டுகள் கிடைத்தது' பற்றி. பன்மைப் பெயரைக் கண்டதும் ஒருமை வினையைப் பிழை என்று காட்ட விதி எழுதுவது சுலபம். அந்த விதி 'நான்கு கல்வெட்டுகள் இருப்பது தெரிகிறது' என்ற நல்ல வாக்கியத்தையும் பிழை என்று சொல்லும். அங்கே எழுவாய் 'இருப்பது'. மாறாக, 'தெற்குச் சுவரில் மூன்று கல்வெட்டுகள், அவற்றில் ஒன்று சிதைந்த நிலையில், கிடைத்தது' என்பதில் வினைக்குப் பக்கத்தில் 'ஒன்று' நிற்பதால் பிழை தப்பிவிடும். எழுவாயையே சொல்லாமல் விடுவதும் தமிழில் சர்வ சாதாரணம். கருவி எதைப் பிடித்துக்கொள்ளும்? 'கிறது', 'த்தது', 'ந்தது' என்ற முடிவுகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் 'எது?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஒவ்வொரு' என்பதையும் தேடுங்கள், 'ஒவ்வொரு ஊர்களிலும்' கட்டாயம் இருக்கும்.

கல்வெட்டு வாசகங்களை மேற்கோளாகக் கொடுத்திருந்தால் அவற்றுக்குத் தனி எழுத்துப் பாணி ஒன்று உருவாக்கி, மொழியை 'ஏதுமில்லை' என்று வையுங்கள். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் பழைய எழுத்தமைதிக்குப் பிழைதிருத்தி தரும் பரிந்துரையை யாராவது கை தவறிச் சொடுக்கினால் சான்றே கெட்டுப்போகும்.

தாள்வரிசை:

மிக்க நன்றி. 'ா்' மாற்றம் செய்ததுமே பாதிக் கோடுகள் போய்விட்டன. இரண்டு சந்தேகங்கள். ஆள், ஊர்ப் பெயர்களை அகராதியில் சேர்த்துவிடலாமா? செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொன்னால் சந்தியையும் பார்த்துவிடாதா?

பதில்: ஒற்றெழுத்து

சேர்க்கலாம், ஆனால் இந்த நூலுக்கென்று தனிப் பயனர் அகராதி தொடங்கிச் சேருங்கள். அவசரத்தில் பிழையான வடிவத்தைச் சேர்த்துவிட்டால், அதன்பின் அது எங்கே வந்தாலும் கோடு விழாது, எனவே வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து படியுங்கள். பெயரை மட்டும் சேர்த்தால் வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களுக்குக் கோடு வந்துகொண்டேதான் இருக்கும். 'கார்த்திக்கை' என்பதற்குப் பரிந்துரையாகக் 'கார்த்திகை' வரக்கூடும், அங்கே 'அனைத்தையும் மாற்று' அழுத்திவிடாதீர்கள்.

செயலி தொடரையே பார்ப்பதால் 'முன்னால் தலைவர்' போன்றவற்றை நன்றாகவே பிடிக்கும். கேட்காத இடத்தில் சொல்லை மாற்றுவதும், வட்டார வழக்கைப் பொதுநடையாக்குவதும்தான் அதில் ஆபத்து. 'கம்மாய்' என்று எழுதியது 'கண்மாய்' ஆகித் திரும்பி வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பத்திக்கு மேல் கொடுக்காதீர்கள். திருத்திய உரையை வாங்காமல், பிழைகளை மட்டும் பட்டியலாகக் கேளுங்கள். உரையாகத்தான் வருகிறது என்றால் ரைட்டரில் 'ஆவணத்தை ஒப்பிடு' வசதியில் மூலத்தோடு வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள்.