சுவரில் என்ன வரையலாம் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டுமா?

கரையோரம்:
பொதுச்சுவர் ஓவியம், பூங்கா, தெருமுனைத் திடல் எதுவானாலும் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கும் முடிவில் பங்கு வேண்டும் என்று நேற்று எழுதியிருந்தேன். "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதனால்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இலிருந்து சென்னையின் நடுப்பகுதிக் குடிசை மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த இடம். 2020 தொடக்கத்தில் பொது இடங்களில் ஓவியம் கொண்டுவரும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே பெரிய பெரிய சுவரோவியங்களைக் கொண்டுவந்தார்கள். ஓவியர் ஏ-கில் வரைந்த, சிரிக்கும் இரண்டு சிறுமிகளின் ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். ஓவியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த சுவரை முடிவு செய்யும்போது அங்கே வளரும் பிள்ளைகளும் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

தூரிகை:
முப்பது வருடம் போர்டு ஆர்ட்டிஸ்டாக இருந்தவன் நான். ஃபிளெக்ஸ் வந்தபிறகு தொழில் போனது, ஆனால் சுவர் தெரியும். ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழைக்குள் உப்பு பூத்து உதிரும். பிரைமர், பட்டி, சாரத்தில் நின்று அளவு பிரிப்பது எல்லாம் பழகப் பழகத்தான் வரும். பத்துப் பேர் கைதூக்கி முடிவு செய்தால் ஆளுக்கொரு உருவம் கேட்பார்கள், கடைசியில் எதுவும் படமாக இருக்காது. பிள்ளைகள் பார்க்கட்டும், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். என்ன வரைவது என்பதை வரைகிறவனிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது_மாடி:
தூரிகை ஐயா, எனக்கு இப்போது 22 வயது. எங்கள் குடியிருப்பில் (எந்த ஊர் என்று சொல்லவில்லை) தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெறும் சுவர் இருந்தது. செங்கல் துண்டால் மூன்று கோடு போட்டு அதுதான் எங்கள் ஸ்டம்ப். கோடு அழிந்தால் யார் கையில் செங்கல் கிடைக்கிறதோ அவர் திரும்பப் போடுவார். எனக்குப் பதினான்கு வயதில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் அந்தச் சுவர் முழுக்க மயில். அழகான மயில்தான், தோகையில் அத்தனை நீலம். மறுநாளிலிருந்து "பந்து படக் கூடாது" என்று துரத்த ஆரம்பித்தார்கள். விளையாட வேறு இடம் இல்லை. எதிர்ச்சுவர் முழுக்கச் சும்மாதான் கிடந்தது. எங்களில் ஒருவனிடம் கேட்டிருந்தால் மயில் அங்கே போயிருக்கும்.

கணக்கன்:
தம்பி சொன்னது மனதைத் தைக்கிறது. ஆனால் நான் இன்னும் ஒரு படி பின்னால் போகிறேன். மறுகுடியமர்வுப் பகுதியில் ஓவியமே எதற்கு? வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்த முகவரியைப் போடத் தயங்குகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வண்ணம் அடித்தால் அந்தத் தயக்கம் போகுமா? தண்ணீர், பஸ், கழிவுநீர்க் குழாய் இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் பிள்ளைகளிடம் "நீலமா, மஞ்சளா?" என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கரையோரம்:
கணக்கன் அண்ணா, முகவரி விஷயம் உண்மை. அதனால்தான் நிறத்தைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது என்கிறேன். தமிழக அரசின் 2022 விதிகளின்படி நம் நகரங்களில் பகுதி சபை இருக்கிறது, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். அது வாக்காளர்களின் சபை. 18 வயது ஆகாதவர்களுக்கு அதில் இடமில்லை. திடலையும் தெருவையும் அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான்.

தூரிகை ஐயாவுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க 1984-இல் நகர நிர்வாகம் ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர் கிறுக்கிய இளைஞர்களையே அழைத்துச் சுவரோவியம் வரைய வைத்தார். இன்று அந்த நகரில் உருவான சுவரோவியங்கள் நான்காயிரத்துக்கும் மேல். அங்கே பல ஓவியங்களை நேராகச் சுவரில் வரைவதில்லை. பாராசூட் துணியைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறார்கள், பிறகு கைதேர்ந்தவர்கள் சுவரில் ஒட்டிச் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் சாரம் ஏற வேண்டியதில்லை.

தூரிகை:
துணியில் வரைந்து ஒட்டுவது நல்ல யோசனை. ஓதம் இல்லாத சுவராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சரி, இடத்தைப் பிள்ளைகள் சொல்லட்டும். மயில் கதை கேட்டபிறகு அதில் எனக்கு மறுப்பில்லை. உருவம் மட்டும் ஓவியர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதில் மாறமாட்டேன். இன்னொன்று, வேலை வாங்கினால் கூலி கொடுங்கள். பதினெட்டு தாண்டிய பையன் நாள் முழுக்க பக்கெட் தூக்கினால் சான்றிதழும் சமோசாவும் கொடுத்து அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

கணக்கன்:
கூலி விஷயத்தில் நான் தூரிகை பக்கம். மற்றபடி, முதல் கேள்வி "இங்கே என்ன வேண்டும்?" என்று இருந்தால் வருகிறேன். "என்ன ஓவியம் வேண்டும்?" என்று தொடங்கினால் வரமாட்டேன்.

மூன்றாவது_மாடி:
அந்தக் கேள்வியை இன்று சாயங்காலம் என் தங்கையிடமும் அவள் தோழிகள் மூன்று பேரிடமும் கேட்டேன். படிக்கட்டில் ஓவியம் வேண்டும் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் லைட் வேண்டும் என்றார்கள். அங்கே இருட்டாக இருப்பதால் டியூஷன் முடிந்து நான்கு பேரும் சேர்ந்தேதான் ஏறுகிறார்களாம். அப்புறம் தங்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, லைட் வந்தபிறகு அந்தச் சுவரில் தன் அணியின் பெயரை எழுதலாமா என்று கேட்டாள். கபடி அணி, ஏழு பேர்.