வெளிநாட்டுத் தன்னார்வலருக்கு எந்த விசா? அவர் கொண்டுவரும் நன்கொடையை எப்படிப் பெறுவது?

கேள்வி (திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி)

இயேசுவுக்கே புகழ். எங்கள் துறவற சபையின் மாநிலத்துக்கு (சபையின் நிர்வாகப் பகுதியை அப்படித்தான் அழைக்கிறோம்) வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை இந்த ஆண்டுதான் ஏற்றிருக்கிறேன். ஜெர்மனியிலுள்ள எங்கள் சபை இல்லம் ஒன்று, பத்தொன்பது வயதுப் பெண் ஒருவரை எங்கள் மாணவியர் விடுதியில் பத்து மாதம் உதவி செய்ய ஆகஸ்ட் மாதம் அனுப்புகிறது. சுற்றுலா இ-விசாவில் வந்து, பிறகு இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று அங்குள்ள சகோதரி எழுதுகிறார். சபைக்கு வருபவர் என்பதால் மிஷனரி விசாவே பொருத்தம் என்பது எங்கள் இல்லத் தலைவியின் கருத்து. எது சரி?

இன்னொன்று, அந்தப் பெண்ணின் பங்கு ஆலய மக்கள் 2,000 யூரோ திரட்டியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியின்மேல் நோட்டை வைத்துக் குனிந்து எழுதுவதைப் படத்தில் பார்த்து, எழுதுமேசைகளுக்காகத் திரட்டியது. அதை அவர் கையில் கொண்டுவரலாமா?

பதில் (சபையின் தன்னார்வலர் பணியில் எட்டு ஆண்டு இருந்த அருட்தந்தை)

சகோதரி, பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டது நல்லதாயிற்று. சுற்றுலா இ-விசாவில் ஊதியமற்ற தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் இடமுண்டு. அதை இங்கு வந்து வேறு வகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி யாரையும் வரவழைக்காதீர்கள். மிஷனரி விசா மறைப்பணிக்கு, அதாவது சமயப் பணிக்கு, வருவோருக்கானது. மாலைப் படிப்புக்கு உதவ வரும் இளம்பெண்ணுக்கு அது பொருந்தாது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊதியமின்றிப் பணியாற்ற வருபவருக்கு வேலைவாய்ப்பு விசாவே வழி. ஊதியம் இல்லாதபோது 'வேலைவாய்ப்பு' என்ற பெயர் குழப்பத்தான் செய்யும், ஆனால் விதி அப்படித்தான். அமைப்பின் பெயரும் பணியிடமும் விசாவிலேயே குறிக்கப்படுவதால், ஆள் தேவை என்று இடையில் வேறு இல்லத்துக்கு அவரை மாற்றக் கூடாது. அழைப்புக் கடிதம் விடுதியை நடத்தும் சங்கத்தின் பெயரில், பணி, காலம், தங்குமிடம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லட்டும்.

அவர் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று நாம் சொல்லிப் பழகிய தங்குமிடத் தகவலை இணையத்தில் பதிய வேண்டியது உங்கள் இல்லத்தின் கடமை. விசா 180 நாளைத் தாண்டுவதால், 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவும் தேவை.

பதில் (சபைக் கணக்குகளைப் பார்க்கும் சகோதரி)

அந்த 2,000 யூரோவைக் கையில் வாங்கவே வேண்டாம். ரூபாயாக மாற்றித் தந்தாலும், மேசைகளை அவரே கடையில் வாங்கி விடுதிக்குக் கொடுத்தாலும், வெளிநாட்டவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில், பெறும் அமைப்பின் பெயரிலுள்ள கணக்கில்தான் அது முதலில் வந்து சேர வேண்டும். துறவற சபைகள் தடுமாறும் இடம் வேறொன்று. மாநில இல்லம் ஒரு சங்கமாகவும் விடுதி இன்னொரு சங்கமாகவும் பதிவாகியிருந்தால், மாநில இல்லம் பெற்று விடுதிக்கு அனுப்பும் பழைய வழக்கத்துக்கு அதே திருத்தம் தடை விதித்துவிட்டது. நமக்குள் எல்லாம் ஒரே குடும்பம்தான், சட்டத்தின் பார்வையில் இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஆகவே விடுதியின் சங்கத்துக்கே அந்தச் சட்டப்படியான பதிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இல்லையென்றால் பணத்தை அனுப்ப வேண்டாம் என்று உடனே எழுதிவிடுங்கள்.

பதில் (அதே அருட்தந்தை)

விசாவைவிட என் மனத்தில் அதிகம் நிற்பது பிள்ளைகளின் பாதுகாப்பு. குழந்தைகளோடு பணியாற்றுவோருக்கு ஜெர்மனியில் வழங்கப்படும் விரிவான நன்னடத்தைச் சான்றிதழை, நம் சபை இல்லம்தானே அனுப்புகிறது என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். அவருக்குத் தனி அறை கொடுங்கள்; பிள்ளைகளின் படங்களைத் தம் சமூக ஊடகப் பக்கங்களில் பகிரக் கூடாது என்பதை முன்னரே எழுத்தில் பெறுங்கள். இளையோரைத் தன்னார்வப் பணிக்கு வெளிநாடு அனுப்ப ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கிய வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தில், ஓராண்டுப் பணிக்கு 25 நாள் பயிற்சி அமர்வுகள் கட்டாயம். உங்களுக்கு வருபவர் அத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், முன்தயாரிப்பு என்ன தந்தீர்கள் என்று அனுப்பும் இல்லத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விடுதி தனிச் சங்கம்தான். அதற்கு வெளிநாட்டுப் பங்களிப்புப் பதிவு இல்லை. பணத்தை அனுப்ப வேண்டாம் என்று இன்று காலையே எழுதிவிட்டேன். மேசைகளுக்கு இங்குள்ள பங்கு மக்களிடம் கேட்பதாக இல்லத் தலைவி சொல்லியிருக்கிறார். புதிய அழைப்புக் கடிதம் தயாராகிறது, பயணம் நவம்பருக்குத் தள்ளிப்போகும். ஆகஸ்டில் அக்கா வருவார் என்று பிள்ளைகள் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். இன்று மாலைச் செபம் முடிந்ததும் அதைத் திருத்திச் சொல்ல வேண்டும்.