புதுப்பிப்பு: கேரேஜில் ஆர்வி-7 கட்டும் பட்டறை, இரவுச் சத்தம் தீர்ந்தது

ஹூஸ்டனில் வீட்டு கேரேஜிலேயே ஆர்வி-7 என்ற, பாகங்களாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானத்தின் வால் பகுதியைக் கட்டப் பட்டறை அமைக்கிறேன், ராத்திரியில் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையில்லாமல் தகட்டில் டிம்பிள் (ரிவெட் ஆணியின் தலை பதிய, துளையைச் சுற்றிப் போடும் குழி) போட என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, சுத்தியலால் அடித்துக் குழி போடும் சி-ஃபிரேம் சட்டத்துக்குப் பதில் நெம்புகோலை இழுத்து அழுத்தும் டிஆர்டிடி-2 கருவியை வாங்கச் சொன்ன யோசனைதான். குழந்தை தூங்கும் நேரத்திலும் வேலை நடக்கிறது. ஏஎன்426 (குழியில் பதியும் தலை கொண்ட வகை) ரிவெட்டின் தலை தகட்டோடு மட்டமாக உட்காருகிறது, நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுவதே இல்லை. குழியை அழுத்தும் அச்சான டைக்குச் சம உயரத்தில் சுற்றிலும் பலகை போட்டுக் கம்பளம் ஒட்டுங்கள். பெரிய தகடு தொங்கினால் துளை கோணலாகிவிடும்.

விளிம்போர ரிவெட்டுகளுக்கு, இருபுறமும் நெருக்கி நசுக்கும் ஸ்க்வீஸர். 3/32 அங்குல ரிவெட்டின் அடித்தலை (நசுங்கி உருவாகும் மறுமுனை) 9/64 அங்குல அகலம், 3/64 அங்குல உயரம் வரவேண்டும். கேஜ் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வருகின்றன. காற்றழுத்தத்தால் அடிக்கும் 3எக்ஸ் ரிவெட் கன்னும், மறுபுறம் தாங்கிப் பிடிக்கும் டங்ஸ்டன் கட்டியான பக்கிங் பாரும் ஸ்க்வீஸர் எட்டாத இடத்துக்கு மட்டும், அதுவும் பகலில்.

எதிர்பாராதது காற்றுக் குழாயில் வந்த தண்ணீர். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்ப்ரஸரிலிருந்து சூடாக வரும் காற்று, போகப்போக ஆறி நீர் விடுகிறது. கம்ப்ரஸர் வாயிலேயே வடிகட்டி வைத்தால் அந்த நீராவி தப்பிவிடும். குழாயை மேலே ஏற்றி, சரிவாக ஓட்டி, இறங்கும் இடத்தில் அடியில் வடிகால் வால்வு வைத்து, வடிகட்டியைக் கருவிப் பக்கம் மாற்றினேன். இப்போது காற்று உலர்ந்து வருகிறது.

கிளெகோ (ரிவெட் போடும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தற்காலிகப் பிடிப்பான்) வாங்குபவர்கள் வெள்ளி நிறத்தை, அதாவது 3/32 அளவை, அதிகமாக வாங்குங்கள். வாலுக்குப் பெரும்பாலும் அதுதான் தேவைப்படுகிறது.