உப்புத் தரையில் டர்போ வண்டி: கியருக்குக் கியர் பூஸ்ட் எவ்வளவு வைக்கணும்?

பாளை_டர்போ
அண்ணாச்சிமாரே, யூட்டாவில் இருக்கிற பானவில் உப்புத் தரையில் நேர்கோட்டு அதிவேக ஓட்டத்துக்குன்னு ஒரு 2 லிட்டர் டர்போ வண்டி தயாராகுது. பின்சக்கர டிரைவ், பின் ஆக்ஸிலில் 600 கிலோ இறங்குது. வேஸ்ட்கேட் (பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள கூடுதலா தள்ளுற காத்தழுத்தம், எல்லை தாண்டாம எக்ஸாஸ்டைத் திருப்பி விடுற வால்வு) ஸ்பிரிங் 1 பார். ட்யூனிங் எல்லாம் திருநெல்வேலியிலதான். சக்கரம் வெறுமனே சுத்தாம இருக்க பூஸ்டை எப்படிப் பிரிக்கணும்? இக்னிஷன் ரிட்டார்டு (தீப்பொறியைத் தாமதமா விடுறது) மட்டும் வச்சுச் சமாளிக்கலாமா?

வள்ளியூர்_பட்டறை
பூஸ்டுக்கு முன்னாடி பிடிமானத்தைக் கணக்குப் போடுங்க. உராய்வு எண் 0.5ன்னு வச்சுக்கிட்டா 600 கிலோவுக்குக் கிடைக்கிற தள்ளுவிசை சுமார் 2,900 நியூட்டன். அதுவும் காய்ஞ்சு இறுகின உப்புக்கு. தூத்துக்குடி உப்பளப் பாத்தி மாதிரி ஈரம் நின்னா இன்னும் குறையும். முகப்புப் பரப்பை காத்துத் தடை எண்ணால (Cd) பெருக்கி 0.6 சதுர மீட்டர் வந்தா, 300 கிமீ வேகத்தில் காத்து மட்டும் சுமார் 2,100 நியூட்டன் எதிர்க்கும். 350ல 2,800. அதுக்கு மேல எத்தனை பார் ஏத்தினாலும் சக்கரந்தான் சுத்தும், வண்டி போகாது. உப்பின் உருளல் தடையும் காத்து பின்பக்கத்தைத் தூக்குற லிஃப்டும் சேர்ந்தா அந்த எல்லை இன்னும் கீழ வந்துரும்.

மருந்து எடைதான். பின் ஆக்ஸிலில் 200 கிலோ கூடுதலா இறங்கினா 1,000 நியூட்டன் கிட்ட கிடைக்கும். ஓடுபாதை நீளம்ங்கிறதால எடையால பெரிய நட்டமில்ல. ஆனா ஆக்ஸிலுக்குப் பின்னால தொங்க விட்டுராதீங்க. ஈர்ப்பு மையம் காத்தழுத்த மையத்துக்கு முன்னால இருக்கணும், இல்லேன்னா வண்டி சுத்திரும்.

தென்காசி_ஈசியூ
அந்த 1 பார் ஸ்பிரிங்கை முதல்ல கழட்டுங்க. ஸ்பிரிங் அழுத்தத்துக்குக் கீழ எந்த சாலினாய்டு (மின்சார) வால்வாலயும் பூஸ்டை இறக்க முடியாது. 0.4 பார் ஸ்பிரிங் போட்டு பூஸ்டை அதுக்கு மேல ஏத்த வேஸ்ட்கேட்டின் மேல் அறைக்கு சிஓ2 வாயு அழுத்தம் கொடுங்க. ஆரம்பத்துக்கு 2ம் கியர் வரை ஸ்பிரிங் மட்டும், 3ல 0.7 பார், 4ல 1.0. கடைசி கியரில், ஸ்லிப் (வண்டி வேகத்தை விடப் பின்சக்கரம் கூடுதலா சுத்துற அளவு) 5–8 சதவீதத்துக்குள்ள நின்னா மட்டும், 3 விநாடியில் மெதுவா 1.3. ஸ்லிப்பை முன்சக்கர சென்சாரோட ஒப்பிட்டு எடுங்க.

ரிட்டார்டு மட்டும் போதாது. அது மில்லிசெகண்டில் டார்க்கை (சுழற்று விசையை) வெட்டும், சரிதான். ஆனா நீடிச்சா சூடெல்லாம் எக்ஸாஸ்டுக்குப் போயி டர்பைன் இன்னும் வேகமா சுத்தும், பூஸ்ட் ஏறும், டர்பைன் வெந்துரும். 10 டிகிரி ரிட்டார்டு அரை விநாடி தாண்டினா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பூஸ்ட் இலக்கை இறக்கணும்.

பல பேர் விட்டுடுறது ஒண்ணு: கியர் மாத்தும்போது பூஸ்ட் விழும், கன்ட்ரோலரின் ஐ-டேர்ம் (இலக்குக்கும் நிஜ பூஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கிட்டே வர்ற பகுதி) ஏறிக்கிட்டே போகும், அடுத்த கியர் விழுந்ததும் பூஸ்ட் இலக்கைத் தாண்டிரும் (ஓவர்ஷூட்). ஷிஃப்ட் சிக்னல் வந்ததும் ஐ-டேர்மை ரீசெட் பண்ணுங்க.

பாளை_டர்போ
எடைக்கு ஆக்ஸிலுக்கு முன்னால இடமிருக்கு. இங்க டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கிற மெஷினில்) போட்ட பூஸ்ட் டேபிள் அங்க அப்படியே ஓடுமா?

முத்துநகர்_ட்யூனர்
ஓடாது. இங்க காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல். பானவில் சுமார் 1,280 மீட்டர் உயரம், அங்க 87தான். 1.3 பார் (130 கிலோபாஸ்கல்) பூஸ்ட்னா இங்க அப்சொலூட் (வெளிக்காத்தழுத்தமும் பூஸ்டும் சேர்ந்த மொத்தம்) 231, கம்ப்ரசர் விகிதம் (அந்த மொத்தத்தை வெளிக்காத்தழுத்தத்தால வகுத்தது) 2.3. அதே 231ஐ அங்க கேட்டா 2.66. டர்போ கூடுதல் வேகத்தில் சுத்தணும், காத்தும் சூடாகும். டேபிளை அப்சொலூட்டிலேயே எழுதுங்க, 2.66 கம்ப்ரசர் மேப்புக்கு (டர்போ எந்த அளவு வரை வேலை செய்யும்னு காட்டுற வரைபடத்துக்கு) வெளிய விழுந்தா கடைசி கியர் இலக்கைக் குறைச்சிக்கிடுங்க. ஃபுல் த்ராட்டில் ஒரு நிமிஷத்துக்கு மேலயும் நிக்கலாம், அதனால ஐஸ் தண்ணி இன்டர்கூலர் வேணும். அதைத் தாண்டி வர்ற காத்து 60 டிகிரி தொட்டா 0.2 பார் இறங்குற மாதிரி ஈசியூவில் வச்சிடுங்க.