பயறு டிரம்முக்கு நீலகிரித் தைலம்: எங்க குடும்பக் குழுவில்

கவிதா: 20 லிட்டர் டிரம் நிறைய தட்டைப்பயறு போட்டு 10 சொட்டு நீலகிரித் தைலம் விட்டா வண்டே வராதுன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. நிஜமா சித்தப்பா?

செல்வம் சித்தப்பா: 10 சொட்டுன்னா அரை மில்லிதான். காலி டப்பான்னா ஏதாவது நடக்கும். டிரம் நிறைய பயறு இருந்தா ஆவியைப் பயறே உறிஞ்சிக்கும், அடியில இருக்கிற வண்டு வரைக்கும் போகாது.

சாந்தி பெரியம்மா: போனாலும் வெளிய நடமாடுற வண்டுக்குத்தான் ஆகும். பயறு மேல வெள்ளையா புள்ளி ஒட்டியிருக்கா பாரு, அதான் முட்டை. புழு முட்டைக்கு அடியிலேயே துளை போட்டு பயறுக்குள்ள போயிடும். 3, 4 வாரத்துல வட்டமா ஓட்டை போட்டு வண்டா வெளிய வரும். அதுக்குள்ள தைலம் பறந்திருக்கும்.

கவிதா: அப்போ தைலம் வேஸ்ட்டா? 😕

செல்வம் சித்தப்பா: காலி டிரம்முக்குப் போடும்மா. முதல்ல மடிப்புல, மூடி இடுக்குல இருக்கிற பழைய தூளை பிரஷ் போட்டு எடு. கழுவி வெயில்ல காயவை. பஞ்சுல 2 மில்லி ஊத்தி சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல உள்ள வச்சு, இறுக்கி மூடி 2 நாள் விடு. தைலத்துல இருக்கிற சினியோல் மூச்சுத்துளை வழியா போய் பூச்சியோட நரம்பைத் தாக்கும். அப்புறம் வாசம் போற வரை திறந்து வச்சிட்டுப் பயறைக் கொட்டு. தெர்மாகோல் பெட்டியில மட்டும் வேணாம், இந்த மாதிரி எண்ணெய் பட்டா கரையும்.

முருகன் மாமா: தைலத்துல கலப்படம் இருக்கான்னு பாத்துக்க. வெள்ளைத்தாள்ல ஒரு சொட்டு விடு. மறுநாள் எண்ணெய்க்கறை நின்னா வேற எண்ணெய் கலந்திருக்கு.

கவிதா: வேப்பெண்ணெய்?

முருகன் மாமா: அது ஆவியாகாது, பயறு மேலயே நிக்கும். கசப்பு போகாது. விதைக்கு எடுத்து வைக்கிற பயறுக்கு மட்டும் சரி.

சாந்தி பெரியம்மா: சமைக்கிற பயறுக்கு கடலை எண்ணெய் போதும். கிலோவுக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். எல்லாப் பயறுலயும் படுற மாதிரி கையால பிசிறணும். எண்ணெய் மூடினா முட்டைக்கு மூச்சு கிடையாது. ஏற்கெனவே உள்ள போன புழுவை இது ஒண்ணும் பண்ணாது, அதனால வாங்கின உடனே செய். நாள்பட்டா சிக்கு வாடை வரும், அதுக்குள்ள தீத்துடு.

கவிதா: உள்ள போன புழுவுக்கு?

செல்வம் சித்தப்பா: ஃப்ரீசர். ஒரு கிலோ பாக்கெட்டா கட்டி மைனஸ் 18ல ஒரு வாரம். எடுத்ததும் பிரிக்காதே, வேர்த்து ஈரமாகும். அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் பிரி. சேமிக்கும்போது பயறைக் கடிச்சா டக்னு உடையணும், நசுங்கினா இன்னும் காயணும்.

முருகன் மாமா: வசம்பைப் பொடி பண்ணிக் கலக்காதீங்க. அதுல பீட்டா அசரோன்னு ஒரு நச்சுப் பொருள் இருக்கு, அமெரிக்காவுல 1968லயே உணவுல சேர்க்கத் தடை. துண்டா துணியில முடிஞ்சு மேலாப்ல வச்சு, சமைக்கிறப்போ எடுத்துடலாம். தானியத்துல பூச்சியைக் கொல்லப் போடுற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை மட்டும் வீட்டுக்குள்ள வரவே கூடாது, அதுலேர்ந்து வர்ற காத்து ஆளைக் கொல்லும்.

சாந்தி பெரியம்மா: தைல பாட்டிலையும் பிள்ளைங்க கைக்கு எட்டாம வை. கொஞ்சம் குடிச்சாலே வலிப்பு வரும்.

கவிதா: வண்டு விழுந்த பயறைச் சலிச்சா வர்ற தூளை என்ன பண்ண?

செல்வம் சித்தப்பா: கவர்ல கட்டி உடனே வெளிய போடு. சமையலறைக் குப்பைக்கூடையில போட்டா இந்த வண்டு பறந்து அடுத்த டப்பாவுக்கு வந்துடும்.